கஸ்பார் தண்டல் காட்டாமல் விட்ட இடம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் போய் மாலத்தீவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "கஸ்பார் தண்டல்ட்ட கேளுங்க" என்றுதான் கை காட்டுவார்கள். தோணியின் தலைவனுக்கு இங்கே தண்டல் என்று பெயர். முப்பத்தொரு வருடம் மாலே துறைக்குத் தோணி ஓட்டியவர் கஸ்பார் மச்சாது. வெங்காயம், தக்காளி, முட்டை, ஜல்லி, செங்கல் என்று அவர் ஏற்றிப் போகாத சாமான் இல்லை. அங்கே போனால் ஆளும் சரக்குமாக மூன்று நாள் கடல். அதில் இரண்டு நாள் தூக்கம் கிடையாது. இதிலெல்லாம் ஒரு சொட்டுப் பொய் இல்லை.

பொய் வேறு இடத்தில் இருந்தது. சலூனிலும் டீக்கடையிலும் அவர் அவிழ்த்துவிட்ட கதைகள் இருக்கின்றனவே, அங்கே. தண்ணீருக்கு அடியில் கண்ணாடியால் கட்டிய ஓட்டல் இருக்குமாம், தலைக்கு மேலே சுறா போகுமாம், இவர் கீழே உட்கார்ந்து பரோட்டா தின்றாராம். வாதூ தீவில் கரையில் கால் வைத்தால் அலை நீலமாக மின்னுமாம். மாஃபுஷித் தீவில் ஆமையோடு ஆமையாக நீந்தினாராம். உண்மையைச் சொன்னால், மனுஷன் மாலே துறையையும் அதை ஒட்டிய காய்கறிச் சந்தையையும் தாண்டி எதையும் கண்ணால் பார்த்ததில்லை. சரக்கு இறக்கவும், தோணிக்குக் காவல் இருக்கவும், திரும்பும் நாள் பார்க்கவுமே பொழுது சரியாக இருந்தது. ஆமைக்கு ஏது நேரம்?

இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் அவர் மகள் ஸ்டெபி. வளர்ந்து, ஊரில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். போன தை மாதம் முதல்முறையாக மாலத்தீவுக்குப் பதினாலு பேரைச் சேர்த்தாள். நோட்டீசில் 'மாலத்தீவில் பார்க்க வேண்டிய தலைசிறந்த பத்து இடங்கள்' என்று பட்டியல். பத்தும் அப்பா வாயிலிருந்து வந்தவை. கீழே கொட்டை எழுத்தில், 'வழிகாட்டி: முப்பத்தொரு ஆண்டு அனுபவமுள்ள கஸ்பார் தண்டல்.'

நோட்டீசை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்தார்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தியளா?" என்றாள் மனைவி எமில்டா. அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "இப்பமே அவகிட்டச் சொல்லிருங்க. இந்தத் தடவ நல்லாப் போனா மாலத்தீவு வேலய முழுசா அவ பொறுப்புல விடுவேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. நீங்க அங்கன போய் முழிச்சீங்கன்னா புள்ள பேரு கெட்டுப்போகும்."

சொல்லத்தான் நினைத்தார். "எங்கப்பா காட்டாத இடமா?" என்று அவள் யாரிடமோ போனில் பெருமையாகப் பேசுவதைக் கேட்டபிறகு, பேசாமல் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

திருவனந்தபுரத்தில் ஏறிய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிட்டது. மூன்று நாள் தூரத்தை இப்படிக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார்களே என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் மாலேயில் முதல் நாள் அவர் ராஜா. துறையில் மூட்டை இறக்குகிறவர்கள் "தண்டல், தண்டல்" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். பவளக்கல்லில் கட்டிய பழைய பள்ளிவாசலுக்கு வழி கேட்காமலே கூட்டிப்போனார். சந்தைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஸ்டெபிக்கு முகமெல்லாம் பல்.

மாஃபுஷிக்குப் போகிற படகில்தான் முதல் கோளாறு. ஆட்களைத் தோணியில் பாரம் வைப்பது போலவே உட்கார வைத்தார். கனமானவர் நடுவில், லேசானவர் ஓரத்தில். "அண்ணாச்சி, நீங்க நடுவுல வாங்க" என்றதும் இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. செங்கல் சூளை வைத்திருப்பவர்; ஊரில் நாலு பேர் எழுந்து நின்று பேசுகிற மனிதர். மனைவி செண்பகத்தோடு வந்திருந்தார். "என்னய என்ன ஜல்லி மூட்டைன்னு நெனச்சீரா வே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்து தண்டலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

மாஃபுஷி விடுதி வாசலில் பெட்டிகளை இறக்கும்போது கஸ்பார் கண்ணில் ஒன்று பட்டது. செடிப் பாத்தி ஓரமாக ஒரு நிமிடம் நின்றார். பிறகு, 'இதையெல்லாம் பாக்கவா இவ்வளவு பேர் வந்திருக்காங்க?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஆமை பார்க்கப் படகில் போனார்கள். பட்டியலில் அது நாலாவது இடம்.

"ஆம எந்தப் பக்கம் வே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

கஸ்பார் துணிந்து கிழக்கே கை நீட்டினார். படகோட்டி தலையை ஆட்டிவிட்டு, அங்கே வெறும் மணல்தான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, படகை மேற்கே திருப்பினான்.

"வே, உண்மையச் சொல்லும். இதுக்கு முன்ன நீரு இங்கன வந்திருக்கீரா?"

மற்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெபி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். இன்னொரு கதை நாக்கு நுனி வரை வந்தது. கடலில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவர் புளுகியதெல்லாம் கரையில்தான்.

"இல்ல அண்ணாச்சி. மாலே துறையத் தாண்டி நான் எங்கயும் போனதில்ல. சொன்னதெல்லாம் கேட்ட கததான். எம்மக அத நம்பிட்டா. தப்பு என் மேலதான், அவ மேல இல்ல."

ஸ்டெபி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பம் முப்பத்தொரு வருசமா இந்தத் தீவுக்கு நீரு என்னதான் செஞ்சீரு?" என்றார் அண்ணாச்சி. குரலில் ஏளனம்.

அதுதான் தண்டலுக்குச் சுருக்கென்று தைத்தது. "கரைக்கு வாங்க, காட்டுதேன்" என்றார்.

ஆமைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் விடுதி வாசலுக்கு நேரே நடந்தார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். செடிப் பாத்தியைச் சுற்றி வரப்பு மாதிரி செங்கல்களை நிறுத்தி நட்டிருந்தார்கள். விடுதி கட்டி மிஞ்சிய கல். ஒன்றின் மேல் படிந்த மண்ணைக் கையால் துடைத்துவிட்டார்.

கல்லின் நடுக்குழியில் அச்சு தெரிந்தது. 'செண்பகம்.'

அண்ணாச்சி குனிந்தவர் நிமிரவில்லை. கல்யாணம் ஆன வருடம் சூளை தொடங்கியபோது மனைவி பேரில் அவர் செய்துவைத்த அச்சு அது. சூளையிலிருந்து லாரி ஏறியபிறகு கல் எங்கே போகிறது என்று அவர் கேட்டதே இல்லை.

"எந்த லோடு இது?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏழெட்டு வருசம் இருக்கும் அண்ணாச்சி. அந்த நடையில எஞ்சின் நின்னுபோச்சு. காத்துன்னா அப்படி ஒரு காத்து. மேல இருந்த வெங்காயம், முட்ட எல்லாத்தயும் கடல்ல தள்ளுனோம். ஒங்க கல்லுதான் அடிப்பாரம். அது மட்டும் இல்லன்னா தோணி கவுந்திருக்கும். தோணில இருந்த எட்டுப் பேரயும் கரை சேத்தது இந்தக் கல்லுதான். ஒரு கல்லுகூட ஒடயாம இறக்கிக் குடுத்தேன். இந்த விடுதிக்காரர்தான் மாலேல வந்து எண்ணி வாங்குனாரு."

செண்பகம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கல்லாக முந்தானையால் துடைத்தாள். எல்லாவற்றிலும் அவள் பேர். இந்தப் பயணத்துக்கு முன் மதுரைக்கு அப்பால் போயிராதவள், கடல் நடுவில் தன் பேரை இருபத்திரண்டு தடவை வாசித்தாள்.

"ஏளா ஸ்டெபி, இங்கன வச்சி என்ன ஒரு போட்டோ எடு" என்றாள். "கடல் வேண்டாம். கல்லு தெரியணும்."

அண்ணாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தலையைத் தூக்கி, "தண்டல், நீங்களும் வாங்க" என்றார். அதுவரை இருந்த 'வே'யும் 'நீரு'ம் போய், மரியாதை வந்துவிட்டது.

படம் எடுத்து முடித்ததும் ஸ்டெபி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "இத ஏம்ப்பா ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லல? பரோட்டா தின்ன கதயத்தான சொன்னீங்க?"

"இது வேலதானளா. வேலயப் போயி எவனாவது கதயாச் சொல்லுவானா?"

அடுத்த பயணத்துக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. மாலத்தீவு வேலை இப்போது ஸ்டெபி பொறுப்பில். பத்து இடங்களும் அப்படியே இருக்கின்றன. ஆமை எந்தப் பக்கம் என்று இப்போது படகோட்டி சொல்வான். கீழே இருந்த வரியை மட்டும் அவள் மாற்றிவிட்டாள்: 'உடன் வருபவர், இந்தத் தீவுகளுக்குக் கல் சுமந்த தண்டல் கஸ்பார் மச்சாது.'

டீக்கடைச் சுவரில் அதை ஒட்டியிருக்கிறார்கள். கஸ்பார் தினமும் அதன் எதிரில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறார். யாராவது மாலத்தீவைப் பற்றிக் கேட்டால் அந்த வரியைக் காட்டிவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லை.