அந்த அம்மா சொன்ன அரியர்

ராசிபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்தார் அந்த அம்மா. மடியில் பட்டு நூல் மூட்டை, வாய் நிறைய காலேஜ் இங்கிலீஷ்.

பக்கத்திலிருந்தவர் தன் மகனுக்குக் காலேஜ் பெண்ணாகத் தேடுகிறவர். “உங்க பொண்ணு நல்லாப் படிக்குதுங்களா?”

“எங்கீங்க! மேத்ஸ் அரியர், பிசிக்ஸ் அரியர். செமஸ்டருக்குச் செமஸ்டர் ஃபெயிலுங்க.”

கேட்டவர் முகம் சுருங்கி, மல்லூரில் இறங்கிப் போனார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. “நான் வேணா டியூஷன் எடுக்கட்டுங்களா?”

அந்த அம்மா சிரித்தார். “அவ கிளாஸ் ஃபர்ஸ்டுங்க சாமி. நல்ல எடம் வந்தா எங்கூட்டுக்காரரு நாளைக்கே படிப்ப நிறுத்திப்போடுவாரு. அதனால வரவங்கள நானே ஓட்டியுடறனுங்க.”

இறங்கும்போது திரும்பினார். “யாராச்சும் கேட்டா ஃபெயிலுன்னே சொல்லுங்க சாமி.”

சொல்ல ஆசையாகக் காத்திருந்தேன். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அதற்குள் அவரே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருப்பார்.