பாரமில்லாத பை

கொழும்பிலிருந்து அந்த மடிக்கணினி வந்த அன்று நான் செய்த முதல் வேலை, பெட்டியை உடைத்து அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்ததுதான். தூக்க முடிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. செங்கல் மாதிரியான பழையதையும் அது குட்டி போட்டது போன்ற சார்ஜரையும் வருடக்கணக்காகச் சுமந்து, ஒரு தோள் மற்றத் தோளைவிடத் தாழ்ந்துபோனவள் நான். விதை நெல் கம்பனியொன்றின் கள அலுவலர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது பஸ்ஸிலும் பாதையிலும் அலைகிற வேலை. பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல, வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைப் படகை. குருக்கள்மடத்தில் ஏறினால் அக்கரையில் படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், இறங்கலாம்.

"அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கு இது உகந்ததா என்று இரண்டு கிழமை பாவித்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் வாங்குவோம்" என்றார்கள் தலைமை அலுவலகத்தில். எழுதுவதற்கு என்ன இருக்கிறது, இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். காலையில் சோற்றுப் பார்சலைப் பைக்குள் வைத்து, வாசல் கேற் வரைக்கும் பையைத் தானே தூக்கி வந்து என் தோளில் மாட்டிவிடுவது அக்காவின் வழக்கம். அவளுக்கும் வயதாகிவிட்டது, தேவையில்லாத வேலை என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். புதிய கணினியோடு புறப்பட்ட முதல் நாள் பையைத் தூக்கியவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே புள்ள?"

"லப்டொப் இரிக்கி அக்கா. புதுசு. பாரமில்லாதது, அதான்."

"பாரமில்லாத பையோட ஏன் போறாய்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அக்காவின் புருஷன், என் அத்தான், கடைசியாகப் போனதும் ஒரு பாரமில்லாத பையோடுதான். நான் அப்போது பள்ளிக்கூடச் சட்டையில் நின்றேன். அக்கரையில் தகப்பனின் வயலைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, ஒரு சட்டையும் பொரித்த மீனும் சோறும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். "பின்னேரம் வந்திருவன், என்னத்துக்குப் பெரிய பை" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. பாதையால் இறங்கி நடந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் இப்படிப் போனவர்கள் ஏராளம்.

அக்கா தேடாத இடமில்லை. தேடி முடிந்த பிறகும் அவருக்குக் காரியம் எதுவும் செய்ய விடவில்லை. நெற்றிப் பொட்டையும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் பொரித்த மீனையோ இறைச்சியையோ வெளியே கொண்டுபோனால் கூடவே ஒரு கரித்துண்டோ ஆணியோ வைப்பார்கள். ஆசை தீராமல் செத்தவை அந்த வாசத்துக்குப் பின்னால் வரும், கரியைக் கண்டால் ஒதுங்கிவிடும் என்று நம்பிக்கை. அத்தான் போன அன்று காலை அவசரத்தில் அக்கா கரி வைக்க மறந்துவிட்டாள். மனிதர்கள் செய்கிற காரியத்தைக் கரித்துண்டு தடுத்திருக்குமா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நான் செஞ்சிரிக்கக்கூடியது அது ஒண்டுதானே" என்பாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டை விட்டு வெளியேறுகிற எந்தப் பையிலும் கரி இருக்கும். மரக்கறிச் சோறென்றாலும் இருக்கும். பழைய கணினி எருமை மாதிரி, கரியோடு கரியாகக் கிடந்து உழைத்தது.

புதியதைப் பற்றிக் குறை சொல்ல முதல் கிழமை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. காலையில் ஏற்றிய மின்சாரம் பின்னேரம் பாதை ஏறும்வரை நின்றது. மடியில் வைத்தால் சூடு தெரியவில்லை. வட்டை வரம்பில் நின்றபடியே ஒரு கையில் ஏந்தி மற்றக் கையால் தட்டலாம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற திரைதான் வெயிலில் தொல்லை, நெல்லைப் பற்றி எழுதப்போனால் என் முகமும் வானமும்தான் தெரியும். இன்னொன்று, அது சத்தமே போடாது. பழையதன் காற்றாடி இரைச்சலுக்குப் பழகியவளுக்கு, பக்கத்தில் ஓர் ஆள் மூச்சுவிடாமல் இருப்பது போலிருந்தது. இதை அறிக்கையில் எழுத முடியாது.

இரண்டாம் கிழமை தொடக்கத்தில் அதில் மின்சாரம் ஏற மறுத்தது. காத்தான்குடியில் கணினி திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோனேன். சார்ஜர் குத்துகிற சின்னத் துவாரத்துக்குள் ஊசியை விட்டு, கறுப்பாக எதையோ நோண்டி வெள்ளைத் தாளில் தட்டினான்.

"இதென்ன மிஸ், கரி! அடுப்புக்குப் பக்கத்துல வெச்சா வேலை செய்யிறீங்க?"

"வீட்டுல வைக்கிறாங்க தம்பி" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு சிரிக்காமல் தலையை ஆட்டினான். "எங்கட உம்மாவும் இரும்பு வெப்பா. இரும்பெண்டா ஆணிய ஒரு துணியில சுத்தி வெக்கச் சொல்லுங்க" என்றான். ஆலோசனை நல்லதுதான். ஆனால் எனக்கு மண்டை கொதித்தது. கம்பனிச் சாமான், பழுதானால் நான் என்ன சொல்வேன்? பேய்க்குப் பயந்து அக்கா கரி வைத்தாள் என்று கொழும்புக்கு எழுதவா?

வீட்டுக்கு வந்து கத்தினேன். அடுத்த நாள் காலையும் வழக்கம்போல் கரி இருந்தது. கேற் தாண்டியதும் நானே அதை எடுத்து வேலியோரம் எறிந்துவிட்டுப் போனேன்.

அன்று அக்கரையில் வேலை இழுத்தது. மத்தியானம் ஆறுதலாகச் சாப்பிடவும் நேரமில்லை, மீனில் ஒரு துண்டு மிச்சம். கருக்கல் நேரத்தில் பாதை ஏறினேன். வாவியில் காற்றே இல்லை. குறிப்பை முடித்துவிடலாம் என்று கணினியைத் திறந்தேன், திரை வெளிச்சம் வருவதற்கு முன் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆண் நின்றான். ஒல்லியான ஆள், தோளில் சின்னப் பை. பயந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் சைக்கிளைப் பிடித்தபடி, சாந்துக் கரண்டிப் பையோடு யாரோ ஒரு மேசன். நான் முறைத்த முறைப்பில் அந்த மனிதர் பாவம், அடுத்த பக்கம் போய் நின்றார்.

கேற்றில் அக்கா நின்றாள். பையை வாங்கினாள். அடிப்பக்கம் தடவிப் பார்த்தாள்.

"கரி எங்க?"

"எறிஞ்சிட்டன்."

"மீன் திண்டியா?"

"ஒரு துண்டு மிச்சம் இரிக்கி."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், நான் நடந்து வந்த ஒழுங்கைத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால ஆரும் வந்தாங்களா புள்ள?"

அந்தக் குரலில் பயம் இல்லை. பஸ்ஸால் இறங்கவேண்டிய ஒருவரைப் பற்றி விசாரிக்கிற குரல் அது.

"ஒருத்தரும் வரல்ல அக்கா."

"இவ்வளவு காலமும் நான்தான் மறிச்சிட்டனோ தெரியா" என்றாள். "அவர் வந்திரிந்தாலும் அந்தக் கரியக் கண்டு திரும்பிப் போயிரிப்பார்."

அவர் செத்துவிட்டார் என்பதை அவள் வாயிலிருந்து முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். அழவில்லை அவள். பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டாள்.

நான் அறிக்கையை எழுதி அனுப்பினேன். பயணம் செய்கிறவர்களுக்கு மிகவும் உகந்தது, திரை மட்டும் பளபளப்புக் குறைந்ததாக இருந்தால் நல்லது என்று எழுதினேன். அதையே எனக்குத் தந்துவிட்டு, பழையதை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த முறை அக்கரைக்குப் போன காலை அக்கா பையைத் தோளில் மாட்டிவிட்டாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கரி இல்லை. ஆணியும் இல்லை. சோற்றுப் பார்சல் மட்டும், வழக்கத்தைவிடப் பெரிதாக, இன்னும் சூடாக இருந்தது. பொரித்த மணலை மீனின் வாசம் கேற் வரைக்கும் வந்தது.

"கடைசிப் பாதையில வா" என்றாள். "எல்லாத்தையும் திண்டிராத. அவர்ர துண்ட மிச்சம் வெச்சுக் கொண்டு வா."