விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

பெரம்பலூரில் ஒரு கட்டட டிசைன் ஆபீஸில் வெற்றிச்செல்விக்கு வேலை. கட்டப்போகும் வீட்டுக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பில்லருக்கு எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவாள். அதிகம் பேசமாட்டாள். கணக்கு உதைத்தால் மட்டும் பேசுவாள்.

ரெட்டிபாளையத்தில் அவள் வீட்டு மொட்டைமாடியில் பில்லர் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிய காலத்தில் அப்பா உத்திராபதி கட்டிய வீடு. பின்னாடி மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் எல்லோரும் விட்டுவைக்கிற கம்பிதான். இப்போது தம்பி அறிவழகனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள், மாடியில் தனி அறை இருந்தால்தான் ஆச்சு என்றார்கள்.

வெற்றி பில்லர் ஓரமாகக் குழி வெட்டச் சொல்லிப் பார்த்தாள். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற கரிசல் மண். அஸ்திவாரம் முழங்கால் ஆழம்தான் இருந்தது.

"கம்பி இருக்கு, கால் இல்லப்பா. மாடி தாங்காது."

"ஊரான் வூட்டுக்கெல்லாம் கையெழுத்து போடுற. பொறந்த வூட்டுக்குன்னா கை வரலியா?"

"எனக்கு முன்னாடி கல்யாணம் ஆவுதேன்னு அக்காவுக்குக் கடுப்பு," என்றான் அறிவழகன், பாதி விளையாட்டாக.

அவளுக்கு வரன் தட்டிக்கொண்டே போவது ஊருக்கே தெரியும்.

அவள் கையெழுத்து இல்லாமலே கொத்தனார் மாடியை எடுத்தார். தையில் கல்யாணம் முடிந்தது. மாசியில் கூடத்து ஜன்னல் மூலையிலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல் கிளம்பியது. ஆபீஸ் வழக்கப்படி வெற்றி அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை சிமெண்ட் வைத்து ஒட்டினாள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும்.

"உடைஞ்சா எல்லாரும் வெளிய போயிடணும்ப்பா."

"உடையட்டும், பாப்போம்."

அம்மா ஆண்டாயி குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்து அந்தக் கண்ணாடியில் ஒட்டிவைக்கப் பழகிக்கொண்டாள்.

சித்திரையில் கொல்லைத் தரை பாளம் பாளமாக வெடித்தது. ஒரு காலை, பஸ்ஸுக்குக் கிளம்பியவள் பார்த்தாள்: பொட்டுகளுக்கு நடுவே கண்ணாடி இரண்டாகியிருந்தது. மேலே தம்பி மனைவி கவிதாவின் கொலுசு இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவர் உடைசலைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கொலுசுச் சத்தம் நிற்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசு. அந்தப் புள்ள காதுல விழப்போவுது," என்றார். "சாயந்திரம் வரப்ப வேற கண்ணாடி வாங்கிட்டு வா. கொஞ்சம் கெட்டியானதா."