நாகலெட்சுமி கொடுத்த குளிசை

யுத்தத்தில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த மறுவருடம், பூரணம் டீச்சர் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, இரண்டு மாதம் தங்கி வர, தன் ஊருக்குப் போனார். ஹட்டன் வீட்டுச் சாவியையும் பூனை முத்துவையும் நாகலெட்சுமியிடம் விட்டுவிட்டுப் போனார். நாகலெட்சுமி வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். தோட்ட வேலையை விட்டபின் ஆறு வருடமாக டீச்சர் வீட்டில் சமையல்.

முத்துவுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். போதாததற்கு ஆஸ்துமா இழுப்பும் இருந்தது. குழந்தைகளுக்கு வைக்கும் சின்ன முகமூடியை மூக்கில் பொருத்தி, குழாய் வழியாக இன்ஹேலர் மருந்தை அடித்து, பத்து மூச்சு எண்ண வேண்டும். இழுப்புக்கு விழுங்கும் குளிசை கொடுத்தால் சர்க்கரை ஏறிவிடும், அதனால்தான் இந்த மருந்து என்று டீச்சர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

ஊசிக்கு முத்து அசையாது. முகமூடியைக் கண்டாலோ அலுமாரிக்கு அடியில் போய்விடும். அதை இழுத்தெடுப்பதற்குள் அவள் வீடு திரும்பும் வட்டவளை பஸ் போய்விடும். முதலில் மாலை மருந்து தவறியது. பிறகு காலையும். இரண்டாவது வாரம் முத்து கழுத்தை நீட்டி, தரையோடு பதுங்கி இருமத் தொடங்கியது. நாகலெட்சுமிக்குப் பயம் வந்தது. சர்க்கரை இருப்பது தெரிவதற்கு முன்பு கொடுத்த பழைய குளிசைப் போத்தல் அலுமாரியில் கிடந்தது. ஒன்றை மீனில் பொதிந்து வைத்தாள். மறுநாளே இருமல் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒன்று. டீச்சர் தொலைபேசியில் கேட்டபோது, பூனை நல்லா இருக்கிறது, மருந்தெல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றாள்.

மூன்று வாரத்தில் முத்து தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. முதுகெலும்பு கையில் தட்டியது. ஒருநாள் காலை அதன் பின்னங்கால்கள் குதிவரை தரையில் படிந்து இழுபட்டன. கூடையில் துவாயை விரித்துப் பூனையை வைத்து, குளிசைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு கண்டி பஸ் ஏறினாள்.

வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று மிருக வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கழுத்தில் நிறைய இரத்தம் எடுக்க வேண்டும் என்று அவர் முத்துவைப் பிடிக்கச் சொன்னார். கழுத்து மயிரை மழிக்கத் தொடங்கியபோது நாகலெட்சுமிக்குத் தாங்கவில்லை. பையிலிருந்த போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் ஏசவில்லை. குளிசையால் சர்க்கரை ஏறித்தான் கால் இழுபடுகிறது என்றார். குளிசையைத் திடீரென நிறுத்தாமல் குறைத்துக்கொண்டே வந்து விட வேண்டும், இன்சுலினைக் கூட்ட வேண்டும், முகமூடி ஒருநாளும் தவறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் வரும்வரை அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. முகமூடியை முதலில் வெறுமனே மூக்கில் வைத்து, உடனே ஒரு துண்டு கோழி ஈரல் கொடுத்துப் பழக்கினாள். ஐந்தாம் நாள் முத்து பத்து மூச்சும் இருந்து கொடுத்தது. இத்தனை லேசான வேலையா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

டீச்சர் வந்து செருப்பைக் கழற்றுமுன்னே சொல்லிவிட்டாள். "நான்தாங்க டீச்சர் குளிசை குடுத்தேன். போன்ல பொய் சொல்லிட்டேங்க."

டீச்சர் குனிந்து பூனையின் பின்னங்கால்களைத் தொட்டுப் பார்த்தார். "குளிசை குடுத்தது பயத்திலை எண்டு விளங்குது. என்னட்டை ஏன் சொல்லேல்லை, நாகலெட்சுமி?"

மன்னித்ததாக டீச்சர் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. மாலை ஆனதும், "நீங்களே வையுங்கோ" என்று முகமூடியை அவள் பக்கம் நீட்டினார்.

முத்து இன்னும் நான்கு வருடம் இருந்தது. கால் ஓரளவு தேறியதே தவிர, பழையபடி அலுமாரிமேல் பாயவில்லை. அது ஏற முடியாமல் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் நாகலெட்சுமி தூக்கி மேலே விடுவாள்.