அசையாத எண்

நான் எழுதிய சில வரிகள், எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே இருந்த மலையைப் பற்றி இரண்டு நாட்கள் பொய் சொல்லின. அவற்றை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று எனக்குப் பாராட்டுக் கிடைத்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இறம்பொடைக்கு மேலே, பஸ் போகும் வீதியிலிருந்து முக்கால் மணிநேரம் ஏறினால் வரும். அண்ணன் கட்டாருக்குப் போன பிறகு அண்ணி தனியாக இருந்தார். கொழும்பில் வாடகை அறைக்குள் உட்கார்ந்து செய்த வேலையை இங்கிருந்தே செய்யலாம் என்று நிறுவனம் சொன்னதும் நான் பெட்டியோடு வந்துவிட்டேன். ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். அது போதும்.

என் வேலையைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. கணினியின் அடியாழத்தில், வன்பொருளோடு நேரடியாகப் பேசுகிற பகுதியைக் கேர்னல் என்பார்கள். ஒவ்வொரு சில்லோடும் பேசுவதற்கு அங்கே ஒரு சிறு நிரல் இருக்கும். அதுதான் டிரைவர். எனக்குக் கொடுக்கப்பட்டவை மாற்றிச் சில்லுகள். வெளியே இருக்கும் சூடு, அழுத்தம், இழுப்பு எல்லாம் மின்னழுத்தமாக உள்ளே வரும். மாற்றிச் சில்லு அதை எண்ணாக மாற்றிக் கொடுக்கும். எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் ஒவ்வொருவர் தனக்குத் தோன்றியபடி டிரைவர் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று மில்லிவோல்ட்டில் பேசும். இன்னொன்று வெறும் எண்ணைத் தரும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சட்டகத்தை வடிவமைப்பது என் பொறுப்பு. கீழே எந்தச் சில்லு இருந்தாலும் மேலே இருக்கிற நிரலுக்கு ஒரே முகம்தான் தெரிய வேண்டும்.

வடிவமைப்பில் கடைசிவரை இழுபட்டது ஒரே கேள்வி. சில்லு பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது? பிழை என்று சொன்னால் மேலே ஓடும் நிரல்கள் பாதி விழுந்துவிடும், வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். ஒரு மழை நாளில் நான் வழி கண்டுபிடித்தேன். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்பக் கொடுத்துவிடுவது. அது பழைய எண் என்று தெரிவிக்க ஒரு குறியைத் தனியாக ஓரிடத்தில் வைப்பது. வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைய கூட்டத்தில் எல்லோரும் அது நேர்த்தியான தீர்வு என்றார்கள். அண்ணி அவித்துக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பாராட்டைக் கேட்டேன்.

அந்த மாதம்தான் லயங்களுக்கு மேலே வெடிப்புத் தெரிந்தது. செடிகளின் உச்சியைக் கவ்வாத்து வெட்டப் போனவர்கள் பார்த்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்து, மலையின் குறுக்கே நீளமாக ஓடியிருந்தது. அதிகாரிகள் இருவர் வந்து பார்த்து, இரண்டு பக்கமும் முளை அடித்து, சிங்களத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதை வாசித்துக் காட்டச் சொல்லி என்னை அழைத்துப் போனவர் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பாடசாலைக்குப் பக்கத்து விடுதியில் இருந்தார்.

"கவனித்து வருமாறு எழுதியிருக்காங்க டீச்சர். வேற ஒன்னும் இல்ல."

"ஆர் கவனிக்கிறது? எப்பிடிக் கவனிக்கிறது?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மட வேலை ஏதோ அளக்கிற வேலை எண்டல்லோ சொன்னனீர். இதை அளக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

அளக்க முடியும். சோதனைக்காக நிறுவனம் அனுப்பிய பெட்டியில் எல்லாம் இருந்தது. சுருள்வில்லில் சுற்றிய மெல்லிய கம்பி ஒன்று. எவ்வளவு இழுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் கூடும். கம்பியின் நுனியை வெடிப்புக்கு மேலே இரும்பு முளையில் கட்டினோம். கருவியையும் மாற்றிச் சில்லையும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து வெடிப்புக்குக் கீழே பதித்தோம். அங்கிருந்து எங்கள் வீட்டு ஜன்னல்வரை வயர் இழுத்தோம். கணினியில் என் புதிய சட்டகம் ஓடியது. எண்ணைத் திரையில் காட்ட அரை மணிநேரத்தில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பழைய எண் என்று தெரிவிக்கும் அந்தக் குறியை அதில் நான் பார்க்கவேயில்லை. எழுதியவளே நான்தானே, தேவைப்படாது என்று நினைத்தேன்.

முதல் நாள் எண் 2310. எட்டுக் கூடினால் மலை ஒரு மில்லிமீற்றர் விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் எங்கள் வாசலைக் கடந்துதான் போவார்கள். போகிற போக்கில் கேட்பார்கள்.

"என்னா புள்ள, மலை என்னா சொல்லுது?"

நான் எண்ணைச் சொல்வேன். எல்லோரையும்விட அக்கறையாகக் கேட்டவர் மேல் லயத்தின் கடைசி வீடான காம்பராவில் இருந்த கவ்வாத்து வெட்டும் மாமா. இரண்டு பசு வைத்திருந்தார். பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து எண்ணைக் கேட்டு, திரும்பிப் போய் லயத்துச் சுவரில் சோக்கட்டியால் எழுதிவிடுவார். முன்பெல்லாம் அவரே தினமும் மேலே ஏறி வெடிப்பைப் பார்த்துவிட்டு வருவாராம். எண் வந்த பிறகு ஏறுவதில்லை. யாருமே ஏறுவதில்லை. அது எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

மெல்ல மெல்ல எண் கூடியது. 2350. 2380. பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை எல்லோருக்கும் பழக்கம்தான்; ஆனால் இது விடவில்லை. மூன்றாம் நாள், குடிக்கத் தண்ணீர் பிடிக்கிற ஊற்றுப் பீலியில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. அண்ணி குடத்தைக் கவிழ்த்துவிட்டு நின்று மேலே பார்த்தார். "எந்தக் காலத்துலயும் இப்புடி வந்ததில்ல," என்றார். நான் திரையைப் பார்த்தேன். 2417.

மறுநாளும் 2417. அதற்கு அடுத்த நாளும் அதேதான்.

லயத்தில் எல்லோருக்கும் நிம்மதி. மழைக்குள் மலை நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, "மெஷினே ஒன்னும் இல்லன்னு சொல்லுது, என்னாத்துக்குப் பயப்படுறீங்க?" என்று சொன்னதாக அண்ணி வந்து சொன்னார். மேல் லயத்தில் சாமான்களைக் கட்டி வைத்திருந்தவர்கள் மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள்.

அன்று பகல் நான் வேறொரு சில்லின் டிரைவரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் சும்மா கிடந்த சில்லு. அதன் எண் 801, 803, 802, 801 என்று துடித்துக்கொண்டே இருந்தது. எந்த மாற்றிச் சில்லும் அப்படித்தான். வெளியே ஒன்றுமே அசையாவிட்டாலும் கடைசி இலக்கம் ஒரு நிலையில் நிற்காது. உயிருள்ள அளவு எல்லாம் கொஞ்சம் நடுங்கும்.

பக்கத்துத் திரையில் 2417 அசையாமல் நின்றது.

அந்தக் குறியை நானே கையால் தேடிப் பார்த்தேன். அது இரண்டு நாட்களாக ஏற்றப்பட்டிருந்தது. சில்லு செத்து இரண்டு நாள். நான் எழுதிய வரிகள் கடைசி எண்ணைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தன.

குடையை எடுக்காமலே டீச்சரிடம் ஓடினேன். இருவரும் மேலே ஏறினோம். அட்டை ஏறுவதைத் தட்டிவிடக்கூட நேரமில்லை. மூடுபனிக்குள் முதலில் தெரிந்தது சாய்ந்து நின்ற சவுக்கு மரம். அது முன்பு நேராக நின்ற மரம். சாப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. கம்பி அறுந்து மண்ணில் கிடந்தது.

"இஞ்சை வாரும்," என்றார் டீச்சர். குரல் தாழ்ந்திருந்தது. "கிட்டப் போகாதேயும். அதிலை நிண்டு பாரும்."

விரல் அகலம் இருந்த வெடிப்பில் இப்போது ஓர் ஆள் கால் வைத்து இறங்கலாம். உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் காலுக்குக் கீழே, மலைக்குள்.

மூன்றரை மணி இருக்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லோரும் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கண்டாக்கு ஐயாவும் அங்கேயே இருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"எல்லாரும் லயத்த விட்டு எறங்கணும். இப்பவே. மலை வெலகிருச்சு."

"காலையிலகூட ரெண்டாயிரத்தி நானூத்திப் பதினேழுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றார் கண்டாக்கு ஐயா. "தொரைகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன்."

"அது பொய் ஐயா. மெஷின் கெட்டுப்போச்சு. கெட்டுப்போனா பழைய நம்பரையே காட்டுற மாதிரி நான்தான் செஞ்சு வச்சேன்."

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. கவ்வாத்து மாமா கேட்டார்: "கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு சொல்லாதா புள்ள?"

அவர் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

டீச்சர்தான் முன்னால் வந்தார். "நான் என்ர கண்ணாலை பார்த்திட்டு வாறன். நம்பரை விடுங்கோ. தண்ணி உள்ளுக்கை ஓடுது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பெக்டரிக்குப் போங்கோ." அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்தை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் நகர்ந்தார்கள். கண்டாக்கு ஐயா தோட்டத்து மேலாளரான துரைக்கு மூன்று முறை போன் எடுத்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் அவரே சாவியை எடுத்துக்கொண்டு போய், பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற கூடத்தைத் திறந்துவிட்டார். இருட்டுவதற்குள் மேல் லயம், கீழ் லயம் இரண்டும் காலியாகிவிட்டன.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வெயில்கூட அடித்தது. மழை பிடித்த நாளிலிருந்து தெரியாத மலை முழுதாகப் பச்சையாக நின்றது. ஆட்கள் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சிலருக்குக் கோபம். ஒரு ராத்திரி முழுக்கப் பிள்ளைகளோடு பலகைத் தரையில் கிடந்தவர்கள்.

"மாடு ரெண்டும் கட்டுலயே நிக்கும். அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்," என்று கவ்வாத்து மாமா சொன்னாராம். நான் அப்போது கீழே கண்டாக்கு ஐயாவோடு நின்று, அதிகாரிகளுக்குச் சிங்களத்தில் போனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனதை நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்குக் கொஞ்சம் பின்னால் மண் வாசனை வந்தது. புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து வருமே, அந்த வாசனை. வேர்கள் அறுபடுவது பட்டாசு மாதிரி எங்கோ வெடித்தது. பிறகு மலையின் ஒரு துண்டு, அதன் மேல் நின்ற தேயிலைச் செடிகள் நிமிர்ந்தபடியே, கீழே நடந்து வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மேல் லயம் இருந்த இடத்தில் அது நிற்கக்கூட இல்லை; கீழ் லயத்தை மட்டும் தொடாமல் ஒதுங்கிப் போனது.

பசு ஒன்று உயிரோடு வந்து சேர்ந்தது. கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. மாமாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

பாடசாலை மண்டபத்தில் அவரை வைத்திருந்தபோது நான் அவர் மனைவி, அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அழுது முடித்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாட்டுக்குத்தான் போனாரு. நம்பர நம்பிப் போகல. நீ அத மனசுல வச்சிக்காத புள்ள," என்றார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அந்தக் குறியை இரண்டு நாள் முன்னால் பார்த்திருந்தால் அவர் மாடுகளை நிதானமாக ஓட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சட்டகத்தைத் திருத்தினேன். சில்லு பதில் சொல்லாவிட்டால் பிழை. எண் எதுவும் கிடையாது. மேலே இருக்கிற நிரல்கள் விழுந்தால் விழட்டும். இத்தனை பேருக்கு இடைஞ்சலான மாற்றம் அவசியமா என்று நிறுவனத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். மறுநாள் மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் முதல் பதிப்பு ஏற்கனவே வெளியே போய்விட்டது. அது எந்தெந்த இயந்திரங்களுக்குள் ஓடுகிறது, எந்தக் கொதிகலனுக்கோ எந்த அணைக்கட்டுக்கோ காவல் நிற்கிறது என்று நிறுவனத்துக்கே முழுதாகத் தெரியாது. எச்சரிக்கை எழுதி அனுப்பினோம். எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது வேறு கதை.

அதிகாரிகள் திரும்பவும் வந்தார்கள். வர வேண்டியது வந்துவிட்டது, கீழ் லயத்தில் இனிக் குடியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போக வேறு இடமும் இல்லை. சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எங்கள் வீடும் அங்கேதான். டீச்சர் தினமும் பாடசாலை விட்டதும் மேலே ஏறிப் பார்க்கிறார். நானும் கூடப் போகிறேன். சரிந்த இடத்துக்கு வலது பக்கத்தில், உடையாமல் நின்ற மண்ணில், போன செவ்வாய்க்கிழமை ஒரு கோடு பார்த்தோம். மயிர்க்கோடுதான்.

"இது முந்தியே இருந்ததோ?" என்று டீச்சர் கேட்டார்.

எனக்கு ஞாபகமில்லை. அங்கே இருந்து பார்த்தால் கீழே அண்ணியும் மற்றவர்களும் கொழுந்து பறிப்பது தெரிந்தது. இருவரும் வேகமாக இறங்கினோம், அவர்களிடம் சொல்வதற்கு.