மேஜருக்குக் கடைசி நிரை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறைக்கு நான்காவது நாய் வந்தது. ஏற்கெனவே மூன்று இருந்தன. கிழட்டுக் கறுப்பி, அதன் மகன் டைகர், சந்தையிலிருந்து அம்மாவின் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த ஜிம்மி. மூன்றும் ஒரே சாக்கில் படுத்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். நான்காவது கிரேட் டேன். நின்றால் அதன் முதுகு என் நெஞ்சுக்கு வந்தது. வாலை ஆட்டினால் அடுப்படியில் பாத்திரம் விழுந்தது.

அது பங்களா நாய். பெயர் மேஜர். அப்பா அந்தப் பங்களாவில் பதினாறு வருடம் சமையல்காரராக இருந்தார். தோட்டத்தை நடத்திய துரை மாற்றலாகிக் கொழும்புக்குப் போனபோது, மாடி வீட்டில் இத்தனை பெரிய நாயை வைத்திருக்க முடியாதென்று சங்கிலியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புதிய துரை தன் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா இப்போது பகலிலும் வீட்டில் இருந்தார். இவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. துரை அப்பாவுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லயமே வந்து பார்த்தது. போன் வைத்திருந்தவர்கள் மேஜரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பங்களாப் பாதையில் அதன் குரைப்புக்குப் பயந்து கூடையோடு சுற்றிப் போன பெண்கள், இப்போது எங்கள் முன்திண்ணையான இஸ்தோப்பின் வாசலில் நின்று அதன் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து அறைப் பெரியம்மா மட்டும் தள்ளியே நின்றார்.

“நாயி வந்திருச்சு. தொர எப்ப குடி வாறாரு?” என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

சிக்கல் சாப்பாட்டில் தொடங்கியது. பங்களாவிலிருந்து மேஜரோடு ஒரு தட்டும் வந்திருந்தது. வெள்ளைப் பீங்கான், நீலக் கரை. அப்பா அதில் சோற்றையும் கோழிக்கழுத்து வேகவைத்த தண்ணீரையும் பிசைந்து, ஆறவிட்டு, விரலால் சூடு பார்த்து, இஸ்தோப்பின் நடுவில் வைப்பார். “மேஜர், வாங்க. சாப்பிடுங்க” என்பார். எங்கள் வீட்டில் எந்த நாயையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மற்ற மூன்றுக்கும் அதற்குப் பிறகுதான் ரொட்டித் துண்டு. அதுவரை முதல் துண்டு கறுப்பிக்கு என்பதுதான் வழக்கம். அதை யாரும் ஏற்படுத்தவில்லை, கறுப்பியே ஏற்படுத்தியிருந்தது.

ஐந்தாம் நாள் கறுப்பி பாய்ந்தது. மேஜரின் காதைக் கவ்விக்கொண்டு தொங்கியது. டைகரும் ஜிம்மியும் காலைப் பிடித்தன. மேஜர் எதையும் கடிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் கால் ஏறி மிதித்ததில் கறுப்பியின் பின்னங்கால் பிசகியது. மேஜரின் காதிலிருந்து சுவரெல்லாம் ரத்தம்.

அம்மா கறுப்பியின் காலுக்கு எண்ணெய் தடவிக் கட்டினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேஜர் இங்கே இருக்க முடியாது என்றார். டவுனில் சாமான் கடை முதலாளி ஒருவர் காவலுக்குக் கேட்டிருந்தார். அங்கே பகல் முழுக்கச் சங்கிலியில்தான் இருக்க வேண்டும்.  நான் மேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அசையாமல் நின்று அழவிட்டது.

மறுநாள் அம்மா மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, தானே ரொட்டி பிய்க்க உட்கார்ந்தார். நீலக் கரைத் தட்டைக் கழுவித் துடைத்து மேல்தட்டில் வைத்தார். அதன் இடத்தில் ஒரு நெளிந்த அலுமினியத் தட்டு. முதலில் கறுப்பி. பிறகு டைகர், ஜிம்மி. மேஜர் நின்றுகொண்டிருந்தது. அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மலைக்குப் புதுசா வாற ஆளுக்குக் தேயிலையில கடைசி நெரதான் குடுப்பாங்க,” என்றார் அம்மா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. “எங்கேருந்து வந்தாலும் அப்படித்தான். எனக்கும் அதுதான் குடுத்தாங்க. அதுல யாரும் கொறைஞ்சிட மாட்டாங்க. நாலு நாள் நின்னு காட்டினா பக்கத்துல சேர்த்துக்குவாங்க.”

அப்பா உள்ளே திரும்பினார்.

“நீங்களே கூப்பிடுங்க,” என்றார் அம்மா. “வாடான்னு கூப்பிடுங்க.”

அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை, “மேஜர், வாடா” என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. மேஜர் உடனே வந்தது. அலுமினியத் தட்டை இஸ்தோப்பு முழுக்கத் தள்ளிக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது. கறுப்பி நொண்டிக்கொண்டு போய் அதன் காயம்பட்ட காதை மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது. அப்பா முகத்தைத் துடைத்தார். நாயை வாடா என்று சொல்லவேண்டி வந்ததில் இவ்வளவு வருத்தமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான்கும் ஒரே குவியலாகத் தூங்கின. மேஜருக்குச் சாக்கு போதவில்லை. பாதி உடம்பு சிமெந்தில் கிடந்தது. அதன் வயிற்றில் கறுப்பி.

திங்கட்கிழமை விடியற்காலை அப்பா பங்களாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டு, பழைய காக்கிச் சட்டை போட்டு இடுப்பில் சாக்குக் கட்டினார். கையில் புல் சுரண்டும் சுரண்டி. அம்மா அவருக்கும் ரொட்டி கட்டிக்கொடுத்தார். இருவரும் ஒன்றாகப் பெரட்டுக் களத்துக்கு இறங்கினார்கள். ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் அந்த இடத்துக்கு நானும் நாய்களும் பின்னாலேயே போனோம்.

கங்காணி பெயர் வாசித்தார். அப்பாவின் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அந்தக் கடைசி” என்று பள்ளத்தை ஒட்டிய தேயிலை நிரையைக் கைகாட்டினார். அங்கே அட்டைக்கடி அதிகம். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா இறங்கி நடந்தார். மேஜர் அவர் பின்னால் போனது.

நாய் மற்றவர்களின் காலில் இடறக்கூடாது என்றுதான் அப்பா ஓரத்து நிரையை வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னேன், பெருமையாக.