ஆல்ட்ரேஷன் அக்காவின் கோழி

உதட்டில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே திட்டுவது ஆல்ட்ரேஷன் அக்காவுக்கு மட்டும் கைவந்த வித்தை. ஊசி ஒன்றுகூட விழாது, வசவு ஒன்றுகூடத் தப்பாது. இன்று திட்டு வாங்குவது, நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்திருக்கும் கைப்பேசி.

“என் கோழியத் தூக்கணுமாமே! தூக்குவாங்க, தூக்குவாங்க. அது யாரு குடியக் கெடுத்துச்சு?”

மாடிப்படிக்கு அடியில் கடை. தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. இரண்டு பேர் உள்ளே வந்தால் அக்கா வெளியே போக வேண்டும். புதுத் துணி தைப்பதில்லை. பெரிசைச் சிறிசாக்குவாள், சிறிசைப் பெரிசாக்குவாள். கத்தரி வைக்குமுன் கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொள்வாள். யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தால் விடமாட்டாள். “மூச்ச விடுங்க. வீட்டுக்குப் போய் விடத்தானே போறீங்க?”

கை ஓய்ந்த நேரத்தில் அவள் ஆடுவது கைப்பேசியில் ஒரு அட்டை விளையாட்டு. அட்டைக்கு ஒரு பிராணி. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பலம், இவ்வளவு உயிர், கூடவே ஒரு தனிக் குணம். எதிராளியின் பிராணிகளை வீழ்த்தினால் வெற்றி. ஆடுகிறவர்களே புதுப் பிராணி படைத்துச் சேர்க்கலாம். ஆனால் அது அளவு மீறக் கூடாது. மீறினால் எல்லோரும் அதையே தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆட்டம் கெட்டுவிடும். அக்காவுக்கு இதில் சந்தேகமே இல்லை. “மயிலுக்குத் தோகையக் கொடுத்த ஆண்டவன் குரலக் கொடுத்தானா? ஒண்ணப் பிடிச்சு வெச்சுக்கிட்டுத்தான் இன்னொண்ணத் தருவான்.”

மற்றவர்கள் நெருப்புக் கக்குவதும் மூன்று தலை ஆட்டுவதுமாகக் கொண்டுவந்தபோது, அவள் கொண்டுவந்தது ஒரு கோழி. கறுப்புத் துணியில் தையல் சாக்குக்கட்டியால் வரைந்து, படம் பிடித்து அனுப்பினாள். வால் சற்றுக் கோணல். அடிக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் முயலுக்கோ தவளைக்கோ விழுகிற அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், அதுதான் அதன் குணம். “எல்லாம் அடிக்கவே வருதுங்க. குறுக்க வந்து நிக்க ஒண்ணாவது வேணாமா?”

அதைக் கெடுத்தது வேறு யாருமில்லை, இந்த ஆட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கொழுந்தன்தான். கோழியின் பக்கத்தில் ஊற்று அட்டையை வைத்துவிட்டான். காயம்பட்ட பிராணிக்கு உடனே உயிர் ஊறவைக்கும் அட்டை அது. அடிக்க அடிக்கக் கோழி எழுந்து நின்றது. எதிராளிகள் அலுத்துப்போய் ஆட்டத்தை விட்டே ஓடினார்கள். ஆடுகிறவர்களின் கைப்பேசிக் குழுவில் ஒரே கூச்சல். கோழியின் உயிரை ஒன்றாகக் குறையுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் அட்டையை நீக்கிவிடுவோம் என்று நடுவர் எழுதிவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான், தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்கக் கொழுந்தன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“சட்டத்துல இடம் இருந்துச்சு, ஆடினேன். இதுல என்ன அண்ணி தப்பு?”

“வேலியில சந்து இருந்தா மாடு பூரும். நீ மனுஷன்தானே?”

“அதான் உயிரக் குறைக்கச் சொல்லிட்டாரே. குறைச்சுட்டுப் போங்களேன்.”

அக்கா உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்தாள். எடுத்தால் கோபம் நிஜம்.

“இடுப்பு தொளதொளன்னு இருக்குன்னு வந்தா, பேண்ட்ட முட்டியோட வெட்டிக் கொடுப்பேனா? எங்க லூசோ அங்கதானே பிடிக்கணும்! ஒரே அடியில சாகுற கோழி யாரக் காப்பாத்தும்? ஆட்டம் போட்டது நீ, கழுத்தறுபடறது அதுவா?”

அவன் பேண்ட்டை அவனிடமே வீசினாள். பிறகு, எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற அதே முகத்தோடு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரில் கை வைக்கவில்லை. குணத்தின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: அடுத்த உயிருக்காக வாங்கிய அடி ஆறாது.

கொழுந்தன் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். “ஊத்து இருந்தாலுமா? கொடுமையா இருக்கே அண்ணி.”

“பின்ன? குறுக்க நிக்கிறதுன்னா சும்மாவா?”

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். திருத்திய அட்டையைப் படைத்தவரே எல்லோர் கண்முன்னும் வீழ்த்திக் காட்ட வேண்டும். கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கைப்பேசியில் எதிராளியாகக் கோழியை இறக்கினான். அருகில் ஊற்று, பின்னால் முயல், தவளை, நத்தை. அக்கா கண்ணை மூடித் திறந்தாள். முயலை அடித்தாள், கோழி குறுக்கே வந்தது. ஊற்று ஊறவில்லை. தவளையை அடித்தாள், கோழி வந்தது.

“எவனோ பண்ண அநியாயத்துக்கு என் கோழிய நானே அடிக்கணும்” என்றாள். நத்தைக்கு ஓங்கிய அடியில் அந்தக் கோணல் வால் சாய்ந்து மறைந்தது.

நடுவரின் வரி வந்தது: ‘இப்போ சரி. உயிர் அப்படியே இருக்கட்டும். கோழி இருக்கும்.’

“பொழைச்சுது அண்ணி, உங்க கோழி!” கொழுந்தன் துள்ளினான். “மூணும் தனியாத்தான் நிக்குது. உங்க முறை. தட்டுங்க, ஆட்டமும் உங்களுக்குத்தான்.”

அக்கா தட்டவில்லை. சாக்குப்பொடி படிந்த உள்ளங்கையை விரித்து, திரையில் முயலும் தவளையும் நத்தையும் நின்ற இடத்தை மூடிக்கொண்டாள்.